காசும் கேஷும்

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உங்கள் ஊர்க் காசு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் மாதம் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை இந்தக் கடைத்தெருக்களில் கைமாறிக்கொண்டிருந்த அம்மன் காசு. அந்தக் காசின் பெயரில் இருக்கும் சொல், கடல் கடந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது எப்படி, போன இடத்தில் அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் பொருள்.

ஆங்கிலத்தில் இருக்கும் 'கேஷ்' என்ற சொல் நம்முடைய 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். வகுப்பறையிலும் கேட்டிருப்பீர்கள். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, பிறகென்ன சந்தேகம் என்று தோன்றும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூற்றில் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று பிரித்துச் சொல்லும்போது நமக்குக் கிடைக்கிற வரலாறு, முழுவதையும் நமதென்று சொல்லும்போது கிடைக்கிற பெருமையைவிடப் பெரியது.

அம்மன் காசு

முதலில் காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அம்மன் காசு விரல் நுனியில் அடங்கிவிடும் சிறிய செப்புக் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற ஒரே சொல். தமிழ் பேசும் சமஸ்தானத்தின் காசில் தெலுங்கு எழுத்து எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். நாயக்கர் ஆட்சியிலிருந்து தென்னாட்டு அரண்மனைகளில் தெலுங்கு செல்வாக்கோடு இருந்தது. அதன் சுவடு அது. சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாதாஸ்' என்று சொல்லிக்கொண்டவர்கள். ஆகவே காசில் மன்னர் முகம் இல்லை, அம்மன் உருவம் இருக்கிறது.

அம்மன் காசு இருபது சேர்ந்தால் ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. நவராத்திரி காலத்தில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் தானமாக வழங்கினார்கள். கோயிலிலிருந்து பெயரையும் உருவத்தையும் பெற்ற இந்தக் காசு, விழாவில் கைக்கு வந்து, பிறகு சந்தையில் கீரைக்கும் வெற்றிலைக்கும் போனது. பிரகதாம்பாளை 'அரைக்காசு அம்மன்' என்று மக்கள் அழைக்கிறார்கள். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் இந்த மாவட்டத்துக்கு வெளியிலும் பரவியிருக்கிறது. உலகத்தில் நாணயத்தில் தெய்வத்தைப் பொறித்த நாடுகள் பல உண்டு. நாணயத்தின் பெயர் தெய்வத்துக்குப் பெயரானது இங்கே.

தமிழில் காசு

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் காசு மிகப் பழைய சொல். நாணயம் என்ற பொருளோடு, மணி என்ற பொருளும் பழைய இலக்கியத்தில் உண்டு. மேகலையில் கோத்த மணிகளுக்குக் காசு என்று பெயர். குற்றம் என்ற பொருளும் உண்டு. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இன்னோர் இடமும் நினைவுக்கு வரும். வெண்பாவின் ஈற்றடி எப்படி முடிய வேண்டும் என்பதற்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடு வைத்திருக்கிறோம். இலக்கணத்துக்கு வாய்பாடாக வைக்கும் அளவுக்குப் பழகிய சொல் அது.

சோழர் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கொடுத்திருக்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ராஜராஜன் காலத்தில் பொன்னாக இருந்த காசு, தொண்டைமான் காலத்தில் செம்பாக வந்து நிற்கிறது. உலோகம் மாறியது, மதிப்பு இறங்கியது, சொல் மட்டும் மாறவில்லை.

இந்தச் சொல்லுக்கு வேர் எது? சமஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்ற எடையளவு இருக்கிறது, அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. தமிழிலேயே பிறந்தது என்பது மற்றொரு கருத்து. அறிஞர்களிடையே இது முடிந்துபோன வழக்கல்ல. ஆனால் ஒன்று உறுதி. ஐரோப்பியக் கப்பல் இந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காசு இங்கே கல்லில் வெட்டப்பட்ட சொல்லாக இருந்தது.

ஒரு பெட்டியின் கதை

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். லத்தீனில் 'கப்ஸா' என்று ஒரு சொல். பெட்டி என்று பொருள். குறிப்பாகச் சுருட்டிய ஏடுகளை நிறுத்திவைக்கும் உருளைப் பேழையை ரோமானியர் அப்படி அழைத்தார்கள். 'கபேரே', அதாவது எடு, பிடி, கொள் என்ற வினையிலிருந்து வந்தது. பொருளைக் கொள்வது கப்ஸா, நம் 'கொள்கலன்' போல. சிறிய பெட்டிக்கு 'கப்ஸுலா'. நாம் விழுங்குகிற மாத்திரைக் கேப்சூல் அதுதான். மருந்தைக் கொண்ட சின்னப் பெட்டி.

லத்தீன் பல மொழிகளாகக் கிளைத்தபோது இந்தப் பெட்டியும் கிளைத்தது. இத்தாலியனில் 'காஸ்ஸா'. பிரெஞ்சில் 'கெஸ்'. ஸ்பானியத்தில் 'காஹா'. போர்ச்சுகீசியத்தில் 'கைஷா'. இந்தப் போர்ச்சுகீசிய வடிவத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம். இத்தாலிய நகரங்கள் ஐரோப்பாவுக்கு வட்டிக் கணக்கும் பேரேடும் கற்றுக்கொடுத்த காலத்தில், இத்தாலிய 'காஸ்ஸா' வணிகரோடு சேர்ந்து வடக்கே போனது. ஜெர்மனில் 'காஸே', டச்சில் 'காஸ்' என்றும் 'காஸா' என்றும், ரஷ்ய மொழியில் 'காஸ்ஸா'. இன்றைக்கும் ரஷ்யாவில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்கு மேல் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும்.

கவனித்தீர்களா? இந்த மொழிகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லின் முதற்பொருள் பெட்டி, அல்லது பெட்டி இருக்கிற இடம். நாணயம் அல்ல. ஆங்கிலத்தில் 'கேஷ்' பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டுகிறது. அங்கேயும் அது முதலில் பெட்டிதான். 1611ஆம் ஆண்டு காட்கிரேவ் என்பவர் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதி, 'காஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பெட்டி, பேழை என்று பொருள் சொல்லிவிட்டு, வணிகரின் 'கேஷ்' என்றும் எழுதுகிறது. அதாவது வணிகர் பணம் போடுகிற பெட்டிக்குக் கேஷ் என்று பெயர். பிறகுதான் பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் நம் கீழராஜ வீதிக் கடைக்குப் போய்க் கேளுங்கள். கடைக்காரர் காசு போடுகிற பெட்டிக்குக் கல்லா என்று பெயர். 'இன்றைக்குக் கல்லா எப்படி?' என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், பெட்டியின் நலத்தை அவர் விசாரிக்கவில்லை. அன்றைய வரவைக் கேட்கிறார். நன்றாக ஓடிய படம் 'கல்லா கட்டியது' என்று எழுதுகிறோம். தமிழில் கல்லாவுக்கு நடந்ததுதான் ஆங்கிலத்தில் கேஷுக்கு நடந்தது. நம் தொல்காப்பியர் ஆகுபெயர் என்று இலக்கணம் வகுத்த வழக்கம் இதுவே. எந்த மொழியிலும் வேலை செய்யும்.

ஆக, 'கேஷாகக் கொடுங்கள்' என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்தக் கேஷ் லத்தீன் பெட்டியின் வழிவந்தது. சூட்கேஸில் இருக்கும் கேஸும், பாட்டுக் கேட்ட கேசட்டும் அதே குடும்பம். கோர்ட்டில் நடக்கும் கேஸ் மட்டும் வேறு. அது விழுதல், நேர்தல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே ஒலியில் இரண்டு சொல் தங்கியிருப்பது ஆங்கிலத்தில் புதிதல்ல. கேஷிலும் அப்படி இரண்டு இருக்கின்றன. அந்த இரண்டாவது கேஷ்தான் நம்முடையது.

கடலேறிய காசு

போர்ச்சுகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். மலாக்காவில் அன்று தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். அங்கிருந்து சில ஆண்டுகளில் நூல் எழுதிய தோமே பிரெஸ், மலாக்காவின் வெள்ளீயக் காசுகளைப் பற்றிப் பேசும்போது இந்தியாவில் கேட்ட சொல்லையே கையாள்கிறார். 'கைஷா'. கோவாப் பக்கத்துக் கொங்கணியிலும் காசு உண்டு என்பதால் அகராதிகள் தமிழையும் கொங்கணியையும் சேர்த்தே குறிக்கின்றன. எந்தக் கரையில் முதலில் காதில் விழுந்திருந்தாலும், போர்ச்சுகீசியர் தென்னிந்தியாவில் சிறுகாசுக்குக் கற்ற சொல் இது. அதை அவர்கள் மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் சீனத்துக்கும் எடுத்துப்போனார்கள்.

காசு ஏன் 'கைஷா' ஆயிற்று? போர்ச்சுகீசியர் வாயில் பெட்டிக்கு ஏற்கெனவே 'கைஷா' இருந்தது என்று சொன்னேனே, காரணம் அதுதான். புதிதாகக் கேட்ட சொல்லைப் பழகிய சொல்லின் அச்சில் வார்ப்பது மனித இயல்பு. பணத்தோடு தொடர்புள்ள பெட்டி, பணத்தோடு தொடர்புள்ள காசு. ஒலியும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் போய் அமர்ந்தன. லத்தீன் வழி வந்த சொல்லும் தமிழ் வழி வந்த சொல்லும் முதன்முதலில் சந்தித்தது லண்டனில் அல்ல, போர்ச்சுகீசிய மாலுமியின் வாயில்.

டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன் கோவாவில் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பி 1596இல் தம் பயண நூலை வெளியிட்டார். ஜாவாவின் சுந்தாப் பகுதியில் நடுவில் ஓட்டை போட்ட காசுகளை 200 வீதம் கயிற்றில் கோத்து எண்ணுகிறார்கள் என்று அதில் எழுதுகிறார். அந்தக் காசுக்கு அவர் தரும் பெயர் 'கைஷா'. 1598இல் அந்த நூல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த வழியே சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பெட்டிக் கேஷும் காசுக் கேஷும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் குழம்பியதற்கு இந்தத் தற்செயலே காரணம்.

நடுவில் சதுர ஓட்டையுள்ள சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் இன்றும் 'கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள். சீனர் தம் காசுக்கு அப்படிப் பெயர் வைத்ததே இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சீனக் காசு, அதன் அடியில் ஆங்கிலக் குறிப்பு, அந்தக் குறிப்பில் ஒரு தென்னிந்தியச் சொல். நான் முன்பு சொன்ன உண்மைப் பாதி இதுதான்.

சோழமண்டலக் கரையில் வந்திறங்கிய ஒவ்வொரு நாட்டவரும் இந்தச் சொல்லைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள். 1620இல் தரங்கம்பாடிக்கு வந்த டேனியர் ஈயத்திலும் செம்பிலும் 'காஸ்' அடித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 'காஷ்' என்றார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் கணக்கு 1818இல் ரூபாய் முறை வரும்வரை நடந்தது. நம் 'பணம்' என்பதையும் அவர்கள் 'ஃபனம்' என்று எடுத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அவர்களுடைய எட்டுக்காசு நாணயத்தில் ஆங்கில எழுத்திலேயே 'கேஷ்' என்று பொறித்திருக்கும்.

கம்பெனி 1803இல் பர்மிங்ஹாமில் இருந்த சோஹோ நாணயச் சாலையில் சென்னை மாகாணத்துக்காக 20 காசு, 10 காசு நாணயங்களை நீராவி எந்திரத்தில் அடிக்கச் செய்தது. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுப் போவதற்குள் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தச் சரக்கை மேலே கொண்டுவந்தார்கள். மண்ணில் பதிந்து கட்டியாகிப்போன செப்புக்காசுகள் குவியல் குவியலாக. ஆங்கிலக் கடலுக்கடியில் 175 ஆண்டுகள் கிடந்த ஒவ்வொரு காசிலும் இருந்த பெயர் 'கேஷ்'. அது பெட்டிக் கேஷ் அல்ல, நம் காசு.

இந்த இரண்டையும் பிரித்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் நமக்கு அண்டை ஊரில் வேலை பார்த்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னல். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் எழுதிய அதே பர்னல். அவரும் ஹென்றி யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற சொற்களஞ்சியம், சிறுகாசைக் குறிக்கும் கேஷுக்குத் தனிப் பதிவு வைத்து, தமிழ்க் காசிலிருந்து போர்ச்சுகீசியம் வழியாக அது வந்த தடத்தைச் சான்றுகளோடு காட்டுகிறது. அச்சேறுவதைப் பார்க்காமலேயே 1882இல் பர்னல் மறைந்துவிட்டார்.

ரோமர் எடுத்துப்போயிருக்கக்கூடாதா?

ஒரு நியாயமான கேள்வி எழும். உங்கள் ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்ததே. சுமார் 500 பொற்காசுகள், கடைசியாக வெஸ்பாசியன் காலம்வரை. ரோமரோடு அவ்வளவு நெருங்கிய வணிகம் இருந்தபோது, அவர்களே காசு என்ற சொல்லை எடுத்துப்போய்க் கப்ஸா என்று ஆக்கியிருக்கக்கூடாதா?

கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, காலம். கத்துல்லஸ், சிசரோ போன்ற லத்தீன் எழுத்தாளர்கள் கப்ஸாவையும் கப்ஸுலாவையும் புத்தகப் பெட்டி என்ற பொருளில் கையாண்டுவிட்டார்கள். அகஸ்டஸ் ஆட்சியில் நம் கரையோடு ரோம வணிகம் பெருகியது அதற்குப் பிறகு. இரண்டு, ஒலி. கப்ஸாவின் நடுவில் ஒரு பகர ஒலி இருக்கிறது. கேப்சூலில் அது இன்றுவரை கேட்கிறது. காசில் அது இல்லை. இல்லாத ஒலி எங்கிருந்து முளைக்கும்? மூன்று, பொருள். ரோமர் காசைக் குறிக்க வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். கப்ஸாவை அவர்கள் நாணயத்துக்குச் சொன்னதே இல்லை.

அந்தப் புதையலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. தேய்ந்துபோன காசு மறுபடி நாணயமாகப் புழங்கக்கூடாது என்று அப்படி வெட்டியிருக்கலாம் என்று அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் மியூசியத்து ஹில் கருதினார். அரசன் முகத்துக்காக அல்லாமல் பொன்னின் எடைக்காக மதிக்கப்பட்ட உலோகமாக அவை இங்கே கிடந்திருக்க வேண்டும். பொருள் வந்த வழியெல்லாம் சொல் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக வழி காட்ட வேண்டும்.

உறவு சொன்னால் வழி காட்ட வேண்டும்

நண்பர்களே, நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடா. எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில், யார் வாயில், எந்த ஏட்டில் என்று நான்கு கேள்விக்கும் பதில் வேண்டும். பெட்டிக் கேஷுக்கும் காசுக்கும் இடையே இந்தப் பதில்கள் இல்லை. காசுக் கேஷுக்கோ நான்கும் இருக்கின்றன. கோவா, மலாக்கா, 1598, பிறகு கம்பெனியின் கணக்கேடு. கேட்டவர் எவரானாலும் எழுந்து நின்று சொல்லலாம், எந்த மொழியறிஞரும் மறுக்கமாட்டார்.

தமிழைப் பற்றி மிகையாகச் சொன்னால் தமிழுக்குத் தொண்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பொய்யான உறவைச் சொல்லி நாளை ஒரு மாணவன் அது தவறு என்று கண்டுபிடித்தால், அதன் பக்கத்தில் நாம் சொன்ன பத்து உண்மைகளையும் அவன் சந்தேகிப்பான். கட்டுமரம், மிளகுத்தண்ணீர், பணம், காசு என்று வெளியே போன நல்ல சொற்களின் பெயரைக் கெடுப்பது அந்த ஒரு பொய்தான். அதேபோல் நாம் வாங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. அலமாரி, சாவி, மேஜை, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியர் கொடுத்தவை. துட்டு என்பதை டச்சுக்காரர் கொண்டுவந்த 'டாய்ட்' என்ற செப்புக்காசோடு இணைத்துக் காட்டுவார்கள். கொடுத்ததும் வாங்கியதும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

வங்கிக்குப் போகிறீர்கள். பலகையில் 'காசாளர்' என்று எழுதியிருக்கிறது. வரிசையில் நிற்பவர் 'கேஷியர் வந்துட்டாரா?' என்று கேட்கிறார். கேஷியர் லத்தீன் பெட்டியின் காவலர். காசாளர் தமிழ்க் காசை ஆள்பவர். வேறு வேறு பிறப்புள்ள இரண்டு சொற்களும் ஒரே நாற்காலியைக் குறிக்கின்றன. மொழிபெயர்த்தவர் காட்டிய நுட்பத்தைப் பாராட்ட வேண்டும். ஒலியும் விடவில்லை, தமிழும் விடவில்லை.

இந்த ஊருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அருங்காட்சியகம் காசுகளைக் காக்கிறது. ஞானாலயா நூலகம் அரிய பதிப்புகளைக் காக்கிறது. காசோடு புழங்கிய பேச்சைக் காக்க யாரும் இல்லை. சமஸ்தானம் இருந்தபோது சந்தைக்குப் போன கடைசித் தலைமுறை இன்று தொண்ணூறை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். அம்மன் காசுக்கு என்ன வாங்கினார்கள், எத்தனை காசைச் சேர்த்து என்ன பெயரிட்டார்கள், செல்லாக்காசை எப்படிக் கண்டுபிடித்தார்கள், கடன்சொல்லும் கணக்கும் எப்படி இருந்தன என்று அவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரும் தேதியும் போட்டு எழுதிவையுங்கள். குளத்தூரிலும் திருமயத்திலும் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் வழக்கு மாறும். அறந்தாங்கிப் பக்கம் சமஸ்தானத்துக்கு வெளியே இருந்த ஊர். எல்லைக்கு இந்தப்புறம் ஒரு காசு, அந்தப்புறம் ஒரு காசு என்று இரண்டு கணக்கு தெரிந்தவர்கள் அங்கே கிடைக்கலாம். இந்த வேலைக்குப் பல்கலைக்கழக நிதி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பெரியவர்களிடம் பொறுமையாக உட்காரும் மனமும் போதும்.

பர்னல் தஞ்சையில் இருந்துகொண்டு நம் சொற்களைக் குறித்துவைத்ததால்தான் காசின் வழி நமக்குத் தெரிகிறது. அந்த வேலையை நம் சொற்களுக்கு நாமே செய்ய வேண்டிய காலம் இது. இங்கே இருக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் இந்தக் கோடை விடுமுறையில் தம் மாணவர்களை அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.